ஸ்கேனர் அண்ணன் அடைத்த ஓட்டைகள்

எல்லாரையும் சந்தேகப்படுகிற ஒரு மனிதனை ஏமாற்ற முடியுமா? இந்தக் கதை நடப்பதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சரியான பதில் தெரிந்திருக்காது. முடியவே முடியாது என்றுதான் தலையாட்டியிருப்பேன். ஏனென்றால் எங்கள் தெருவில் ஸ்கேனர் அண்ணன் இருந்தார்.

ஸ்கேனர் என்பது தெரு வைத்த பெயர். அவருடைய கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் பார்வை செருப்பில் தொடங்கி, மெல்ல மேலேறி, தலைமுடிவரை போய்விட்டு, திரும்பி வந்து கைப்பையில் நிற்கும். அந்தப் பை திறக்கும்வரை அங்கேயே நிற்கும். பல வருடங்களாகத் தெருவுக்கு வந்துபோகிற தபால்காரரிடம் ஒருநாள் அடையாள அட்டை கேட்டார். "என்னைத் தெரியாதாண்ணே?" என்று தபால்காரர் சிரித்தார். "தெரியும். தெரிஞ்ச மூஞ்சியா இருக்கறதாலதான் கேக்கறேன். தெரியாதவன் ஏமாத்த மாட்டான்ப்பா, அவன நான் உள்ளயே விடமாட்டேன்" என்றார் இவர். தபால்காரர் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த வாரத்திலிருந்து தபாலைக் கதவிடுக்கில் செருகிவிட்டு ஓடத் தொடங்கினார்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை நடப்பார். பாதி வழியில் கால் நின்றுவிடும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். அந்தப் பூட்டுக்கு வாய் இருந்திருந்தால், "பூட்டித்தான்யா இருக்கேன், போய்த் தொலை" என்று கத்தியிருக்கும்.

கடை ஒரு எம்பிராய்டரி கடை. முன்னறையில் ஒரு மேசை. அங்கே அவர் உட்கார்ந்து துணியை வாங்குவார், தைத்ததைக் கொடுப்பார், மீதி நேரம் காவல் காப்பார். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் கணினியும் அவர் மனைவியும். கடைசி அறையில் வரிசையாக ஊசிகள் பொருத்திய தையல் இயந்திரம். அதை ஓட்டுகிற பெண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இயந்திரம் ஓடும்போது கேட்காத மாதிரி இருந்துவிட்டால் ஸ்கேனரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கடையின் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால் கணினிக்குள் ஒரு கோப்புறையில் இருந்தது. 'படங்கள்' என்று அதற்குப் பெயர். யாராவது ஒரு பூவையோ சின்னத்தையோ காகிதத்தில் கொண்டுவந்து கொடுத்தால், அதை அப்படியே துணியில் ஏற்றிவிட முடியாது. எந்த நூல் முதலில் போக வேண்டும், இலையின் நரம்பில் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், ஊசி எங்கே எழும்பி எங்கே இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணினியில் வரைய வேண்டும். அதை மனைவி வரைந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் தொடங்கியது. இப்போது அவள் தலையில் நரை எட்டிப் பார்க்கிறது. அத்தனை வருடமும் அந்த ஒரு கோப்புறையில் கிடந்தது. பள்ளிச் சின்னங்கள், மருத்துவமனைப் பெயர்கள், குழந்தைச் சட்டை முயல்கள். அது போய்விட்டால் கடையில் மிஞ்சுவது ஊசியும் நூலும் ஸ்கேனரும்தான்.

மனைவியின் தம்பி கணினி பழுது பார்க்கிறவன். ஒருநாள் அவன் வந்து கணினியில் வைரஸ் தடுப்பு ஒன்றை ஏற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு தப்புச் செய்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டிவிட்டான்.

"மாமா, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுதுன்னா இதத் திறந்து பாருங்க. இப்ப உள்ள என்னென்ன வேலை ஓடிக்கிட்டு இருக்குன்னு வரிசையா காட்டும்."

ஸ்கேனர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பட்டியல் மேலிருந்து கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இவங்க எல்லாம் யாரு?"

"இவங்க இல்ல மாமா, இது. எல்லாம் கம்ப்யூட்டரோட சொந்த வேலைங்க."

"நான் யாரையும் கூப்பிடலியே. என் கடைக்குள்ள என்னைக் கேக்காம இத்தனை பேர் உக்காந்திருக்காங்களா?"

தம்பி சிரித்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "மாமா, பேர் புரியலங்கறதுக்காக எதையும் நிறுத்திடாதீங்க. ஏதாவது சந்தேகமா இருந்தா அது மேல மவுஸோட வலது பக்கத்த அழுத்தி, அது எந்த இடத்துல இருந்து வருதுன்னு பாருங்க. சொந்த வேலைன்னா சிஸ்டம் ஃபோல்டர்ல இருந்து வரும். தெரியாத மூலைல இருந்து வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க. கூகுள்ல தேடி எதையும் இறக்காதீங்க, அது ரொம்ப முக்கியம்."

"சரி மச்சான், சரி." ஸ்கேனரின் காதில் எதுவும் ஏறவில்லை. அவர் கண் பட்டியலின் செருப்பில் தொடங்கி மேலேறிக்கொண்டிருந்தது.

அன்று முதல் அவருக்குப் பசி குறைந்தது. காலையில் கடை திறந்ததும் மனைவியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்துகொள்வார். பட்டியலில் ஒரே பெயர் பல முறை இருந்ததைப் பார்த்ததும் அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"பாரு, பாரு! எஸ்.வி.சி. ஹோஸ்ட், எஸ்.வி.சி. ஹோஸ்ட், எஸ்.வி.சி. ஹோஸ்ட்... ஒரே பேர்ல எத்தனை பேர் வந்திருக்கான்! கள்ள ஓட்டுப் போடற கூட்டம் மாதிரி!"

"அது அப்படித்தாங்க இருக்குமாம். தம்பி சொன்னான்" என்றாள் மனைவி, நின்றுகொண்டே.

"உன் தம்பி சொன்னான். அவன் சொன்னதாலதான் எனக்குச் சந்தேகமே."

ஒன்றை நிறுத்தினார். கணினியில் சத்தம் போயிற்று. இன்னொன்றை நிறுத்தினார். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருந்தது. "ஆராயறானாம்ல, ஆராய்! என் கடைல உனக்கு என்னடா ஆராய்ச்சி?" என்று அதன் கழுத்தைப் பிடித்தார். திரையிலிருந்த படங்களெல்லாம் சட்டென்று மறைந்தன. கீழே இருந்த பட்டையும் காணோம்.

"பாத்தியா? மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டு ஓடறான்."

"அவன் எங்கேயும் ஓடலங்க. என் வேலைதான் நின்னு போச்சு" என்றாள் மனைவி. கணினியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, பாதியில் நின்ற ஒரு முயலின் காதை முதலிலிருந்து வரைந்தாள். இயந்திரக்காரப் பெண் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, முயல் வருதா வரலையா? ஊசி சும்மா நிக்குது."

"வரும்மா. உங்க அண்ணன் கொல பண்ணி முடிக்கட்டும்."

இதெல்லாம் விளையாட்டு. ஒரு நாளில் சரியாகிவிடுகிற கூத்து. மூன்று காரியங்கள்தாம் விளையாட்டாக இல்லாமல் போயின.

ஒன்று, பென் டிரைவில் வைரஸ் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தார். அது உண்மைதான், வரும். அதற்காக மற்றவர்கள் கண்ட கண்ட பென் டிரைவை எல்லாம் செருகாமல் இருப்பார்கள். இவர் குழாய் ஒட்டுகிற பசையை வாங்கி வந்து, குழைத்து, கணினியில் இருந்த யு.எஸ்.பி. ஓட்டைகளை எல்லாம் அடைத்தார். விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மட்டும் இடம் விட்டார். பசை காயும்வரை பக்கத்தில் நின்று விசிறினார்.

"என்னங்க பண்றீங்க! படத்த எல்லாம் வாரா வாரம் தனி டிஸ்க்ல நகல் எடுத்து வைப்பேனே, இனிமே அத எங்க செருகறது?"

"எதுக்கு நகல்? அசல்தான் உள்ள இருக்கே. நகல்னு ஒன்னு வெளில இருந்தா அதத் தூக்கிட்டுப் போய், நம்மள மாதிரியே எம்பிராய்டரி போடற எதிர்க்கடைக்காரன் கிட்ட குடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"யாரு குடுப்பா?"

ஸ்கேனர் திரும்பி இயந்திர அறையைப் பார்த்தார். உள்ளே இயந்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடத் தொடங்கியது.

இரண்டாவது, அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் இருக்கிற படங்களை எல்லாம் தினமும் சாயங்காலம் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். புதிய படம் எதையும் முதலில் ஒரு வெள்ளைத் துணியில் தைத்துப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். நூல் எங்காவது இழுக்கிறதா, துணி சுருங்குகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? அந்த மாதிரித் துணிகளைக்கூட அவர் விடவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

மூன்றாவதுதான் மகா புத்திசாலித்தனம். பட்டியலில் ஒரு பெயர் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. காலையிலும் இருக்கும், மாலையிலும் இருக்கும். ஒரு படமும் வரையாது, ஒரு தாளும் அச்சடிக்காது. சும்மா உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"ஒரு வேலையும் செய்யாம நாள் பூரா உக்காந்து எல்லாரையும் நோட்டம் விடறான்னா அவன் யாரு? ஒற்றன்தான?"

மனைவி கண்ணாடித் தடுப்பு வழியாக முன்னறை மேசையைப் பார்த்தாள். அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். 

அது தம்பி ஏற்றிய வைரஸ் தடுப்பு. அதை வேரோடு பிடுங்கி எறிந்தார். உண்மையான காவல்காரனை அவர் வாழ்க்கையில் பார்த்ததே இல்லையோ, அல்லது ஒரு கடைக்கு ஒரு காவல்காரன் போதும் என்று நினைத்தாரோ தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பெரிய வேலை ஒன்று வந்தது. பல கிளைகள் உள்ள ஒரு பள்ளியின் நிர்வாகி அம்மாள் நேரில் வந்தார். சீருடைச் சட்டைப் பையில் தைக்கிற சின்னம். விரித்த புத்தகத்தின்மேல் ஒரு மீன்கொத்தி. பள்ளி திறப்பதற்குள் முதல் தவணைச் சட்டைகள் போய்ச் சேர வேண்டும். சரியாகச் செய்தால் இனி வருடா வருடம் இந்தக் கடைக்குத்தான். ஸ்கேனர் அந்த அம்மாளையும் செருப்பிலிருந்து தொடங்கினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாத்து முடிச்சிட்டீங்களா? நான் உக்காரலாமா?" என்று கேட்டார். ஸ்கேனர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மீன்கொத்தியை மனைவி நாள் கணக்காக வரைந்தாள். இறகு நீலம் ஒரே நீலம் இல்லை. தையல் ஒரு பக்கம் சாய்ந்தால் வெளுப்பாகவும் மறுபக்கம் சாய்ந்தால் கருப்பாகவும் தெரியும். அதை வைத்தே அவள் அந்தப் பறவையைச் சிலிர்க்க வைத்தாள். மாதிரித் துணியில் தைத்து வந்தபோது இயந்திரக்காரப் பெண் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கையத் திறந்தா பறந்துடும் போல இருக்கு" என்றாள். ஸ்கேனர் வந்து அதை வாங்கினார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவருக்கும் பிடித்திருந்தது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இது மட்டும் எதிர்க்கடைக்காரன் கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்." இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

மனைவி மீன்கொத்தியோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான், அவள் வீட்டுக்குச் சமைக்கப் போன ஒரு முற்பகலில், ஸ்கேனர் ஒரு பெயரைத் தேடினார். பட்டியலில் இருந்த ஏதோ ஒரு சாதாரணப் பெயர். மச்சானுக்குப் போன் போட்டிருக்கலாம். மச்சானைக் கேட்பதா? கூகுளில் அடித்தார். வந்த பக்கங்களில் ஒன்றைத் திறந்தார். திரை சிவந்தது. ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை வந்து நின்றது. 'உங்கள் கணினி பெரும் ஆபத்தில் இருக்கிறது. உங்களை யாரோ கண்காணிக்கிறார்கள்.'

ஸ்கேனருக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் மிகையில்லை. எத்தனை வருடங்களாக அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! மனைவி நம்பவில்லை, மச்சான் சிரிக்கிறான், தபால்காரன் ஓடுகிறான். கடைசியில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவன் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறான். அவனை எப்படிச் சந்தேகப்படுவது?

இலவசமாகச் சுத்தம் செய்து தருவதாகக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். அனுமதி கேட்டது, கொடுத்தார். மறுபடி கேட்டது, மறுபடி கொடுத்தார். தபால்காரரிடம் அட்டை கேட்டவர், பெயர் தெரியாத ஒருவனுக்கு வீட்டுச் சாவி, பீரோச் சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்டினார். அது உடனே வேலையில் இறங்கிச் சிவப்புச் சிவப்பாகக் குற்றவாளிகளைக் காட்டத் தொடங்கியது. அவர் நிறுத்திய பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன.

மனைவி திரும்பி வந்ததும் திரையைக் காட்டினார். "நான் சொன்னப்ப நம்பலல்ல? இப்பப் பாரு."

"இது என்னங்க புதுசா?"

"காவலன். பேரப் பாரு, 'சிஸ்டம் காவலன்.' ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல, பட்டியல்ல பேர் போட்டுத் தைரியமா நிக்கறான்."

"எங்க இருந்து வந்துச்சு? தம்பி அந்த இடத்தப் பாக்கச் சொன்னானே."

"காவலனுக்கே காவல் வைக்கச் சொல்றியா?"

அந்த நாளிலிருந்து கணினி மூச்சுவாங்கத் தொடங்கியது. யாரும் எதுவும் செய்யாதபோதும் உள்ளே விசிறி பேய்த்தனமாகச் சுற்றும். ஒரு கோடு போட்டால் அது வந்து சேர்வதற்குள் ஒரு பெருமூச்சு விடலாம். "துரத்திக்கிட்டு இருக்கான், அதான் இரைக்குது" என்று ஸ்கேனர் விளக்கம் சொன்னார். மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வெளியூரில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, இன்டர்நெட் ஒயரப் பிடுங்கிடு. நான் வரவரைக்கும் அதுல ஒன்னும் பண்ணாத" என்றான். அவள் கம்பியைப் பிடுங்கினாள். ஸ்கேனர் அதைப் பார்த்துவிட்டு, "காவலனுக்கு மேலிடத்துலேருந்து தகவல் வரணும்" என்று மறுபடி செருகினார்.

மேலிடத்திலிருந்து தகவல் வந்தது.

ஒரு காலை மனைவி 'படங்கள்' கோப்புறையைத் திறந்தாள். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் யாரோ புரியாத எழுத்துகளில் ஒரு வால் ஒட்டியிருந்தார்கள். முயலைத் திறந்தாள், திறக்கவில்லை. மருத்துவமனைப் பெயரைத் திறந்தாள், திறக்கவில்லை. மீன்கொத்தி திறக்கவில்லை. திரையின் நடுவில் மரியாதையான மொழியில் ஒரு செய்தி இருந்தது. உங்கள் கோப்புகளைப் பூட்டியிருக்கிறோம். பணம் அனுப்பினால் சாவி தருவோம்.

அவள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கத்தியது ஸ்கேனர்.

"எதிர்க்கடைக்காரன்! அவன் வேலைதான் இது! இல்லன்னா உள்ள இருக்கவங்க யாராவது..." என்று இயந்திர அறையைப் பார்த்து விரலை நீட்டினார்.

இயந்திரம் நின்றது. அந்தப் பெண் வெளியே வந்தாள். காது கேட்காத நடிப்பெல்லாம் இல்லை.

"அண்ணே, நான் இந்தக் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல. ஒரு விரல் வைக்க நீங்க விட்டதில்ல. இந்தக் கடைல இதுல கை வெச்சவங்க ரெண்டே பேர். ஒருத்தங்க படம் வரைஞ்சாங்க. இன்னொருத்தர் நீங்க. என்ன பண்ணீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

நீட்டிய விரல் மெல்ல மடங்கியது. அவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். முதல் தடவையாக, மச்சான் சொன்னபடி, காவலன்மேல் வலது பக்கம் அழுத்தி அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்தார். சிஸ்டம் கோப்புறை இல்லை. இறக்கிய குப்பையெல்லாம் சேருகிற ஒரு தற்காலிக மூலை. அதில் அவர் பொத்தானை அழுத்திய நாளின் தேதி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.  சந்தேகப்பட ஆள் மிஞ்சவில்லை.

தம்பி ஓடி வந்தான். முதலில் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினான், இயந்திரத்துக்குப் போகிற கம்பியையும் பிடுங்கினான்.

"பணத்த அனுப்பிடலாமா மச்சான்?" ஸ்கேனரின் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இருந்தது.

"பூட்டனவனே திறந்து விடுவான்னு எதை வெச்சு நம்பறீங்க மாமா? நீங்களா இப்படிக் கேக்கறது? சுத்தமா துடைச்சிட்டுப் புதுசாத்தான் ஏத்தணும். நகல் இருக்கா அக்கா?"

ஸ்கேனர் பசை அடைத்த ஓட்டைகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தம்பிக்குப் புரிந்துவிட்டது. "போச்சு" என்றான்.

மனைவி எழுந்தாள். நூல் கண்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் போனாள். யாரும் அதிகம் கேட்காத ஒரு பழுப்பு நூல் பெட்டியின் அடியிலிருந்து, துணியில் சுற்றிய டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"எப்படி?" என்றார் ஸ்கேனர். "ஓட்டையே இல்லையே!"

"மவுஸுக்கு ஒன்னு விட்டீங்கல்ல? மத்தியானம் நீங்க சாப்பிட்டுட்டுக் கண்ணசரும்போது மவுஸக் கழட்டிட்டு இத மாட்டுவேன். அம்புக்குறி பட்டனை வெச்சே தட்டித் தட்டி நகல் எடுத்துட்டு, மறுபடி மவுஸ மாட்டிடுவேன். வாரா வாரம்."

"எனக்குத் தெரியாமலா?"

"உங்களத்தாங்க எனக்குச் சந்தேகம்."

தம்பி திரும்பிக்கொண்டான். இயந்திரக்காரப் பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை வருடம் கேள்வி கேட்டவரிடம் அன்றுதான் யாரோ சரியான பதில் சொன்னார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

தம்பி டிஸ்க்கைத் தன் கணினியில் சோதித்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. முயல்கள் இருந்தன, மருத்துவமனைப் பெயர்கள் இருந்தன. ஆனால் மீன்கொத்தி இல்லை.

"காவலன் வந்த நாள்லேருந்து நான் இத மாட்டவே இல்ல" என்றாள் மனைவி. "காய்ச்சல் கண்ட வீட்டுக்குள்ள கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போக மனசு வருமா? அந்தச் சமயத்துலதான் பறவைய வரைஞ்சேன்."

"மெஷின்ல இருக்குமே அக்கா?"

"தினமும் அழிக்கச் சொல்லி உத்தரவு" என்றாள் இயந்திரக்காரப் பெண்.

பள்ளி திறக்க நாள் நெருங்கிவிட்டது. மீன்கொத்தி இல்லாமல் அந்த நிர்வாகி அம்மாளின் முன்னால் போய் நிற்க முடியாது. மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். எல்லா இறகையும் மறுபடி யோசித்து, மறுபடி சாய்த்து, மறுபடி நிமிர்த்தி... அந்த நீலம் இரண்டாம் தடவை கையில் வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்கேனர் முன்னறைக்குப் போனார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.  இழுப்பறையைத் திறந்து, துணிக்குவியலைக் கிளறி, வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துவந்து மனைவியின் முன்னால் விரித்தார். புத்தகத்தின்மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. ஒரு நூல்கூடக் கலையவில்லை.

"எதிர்க்கடைக்காரன் கண்ணுல படக்கூடாதுன்னு வெச்சேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

மனைவி பூதக்கண்ணாடியை எடுத்தாள். தையல் தையலாக அது அங்கே இருந்தது. எந்த இறகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த நீலத்துக்குப் பின் எந்த நீலம், எல்லாம். அவளுடைய கையெழுத்தை அவளே படிப்பது போல. தம்பி கடைக் கணினியைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்ததும் துணியை ஸ்கேன் செய்து அதில் ஏற்றினார்கள்.

"மாமா," என்றான் தம்பி, "இந்தக் கடைல ஒரு ஸ்கேனர் உருப்படியா வேலை செஞ்சு இப்பத்தான் பாக்கறேன்."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவன் அப்படிப் பேசியிருக்க முடியாது. அன்று ஸ்கேனர் அதையும் வாங்கிக்கொண்டார். மனைவி வரைந்து முடிக்கும்வரை அவள் கேட்ட நூலை எடுத்துக் கொடுத்தார், கேட்காத தேநீரை வைத்தார், நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. சட்டைகள் பள்ளி திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தன. நிர்வாகி அம்மாள் மீன்கொத்தியை விரலால் தடவிப் பார்த்தார். முதலில் வரைந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருப்பதாக மனைவி இன்றும் சொல்கிறாள். அலகுக்குக் கீழே ஒரு நீலம் வரவில்லையாம். அந்தக் குறை அவளைத் தவிர யார் கண்ணிலும் பட்டதில்லை.

ஸ்கேனர் அண்ணன் அடியோடு மாறிவிட்டார் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பூட்டை இப்போதும் இழுத்துப் பார்க்கிறார். தபால்காரர் இப்போதும் ஓடத்தான் செய்கிறார். ஆனால் பசையைச் சுரண்டி ஓர் ஓட்டையைத் திறந்தது அவர்தான். வாரம் ஒருமுறை மனைவியைக் கூப்பிட்டு டிஸ்க்கை மாட்டச் சொல்வதும், முடிந்ததும் கழற்றிப் பழுப்பு நூல் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவதும் அவர் வேலை. வைரஸ் தடுப்பு தன் இடத்தில் உட்கார்ந்து எல்லாரையும் நோட்டம் விடுகிறது. அதை அவர் தொடுவதில்லை. தொழில் தோழன் என்ற மரியாதை போலும்.

சமீபத்தில் ஒருநாள் திரையில் மறுபடி சிவப்பாக ஒன்று வந்து நின்றது. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று பதறியது. ஸ்கேனர் அதைச் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தார்.

"என் மேல இவ்வளவு அக்கறையா உனக்கு? நீ யாருடா?" என்று கேட்டார். எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, போனை எடுத்தார். "மச்சான், ஒன்னு வந்துச்சு. தொடல. வந்து பாக்கறியா?"

அந்த முதல் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். எல்லாரையும் சந்தேகப்படுகிறவனை ஏமாற்றுவது மிகச் சுலபம். அவன் நினைப்பதையே அவனிடம் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு ஸ்கேனர் கட்டாயம் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தயவுசெய்து லிங்க்காக மட்டும் அனுப்பாதீர்கள். அவர் திறக்கக் கூடாது, திறந்தால் நாம் சொன்னதெல்லாம் வீண். பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நகல் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.